ஸ்டிங்கர் சூட் தேர்ந்தெடுப்பது எப்படி: வடக்கு குயின்ஸ்லாந்துக் கடலில் இறங்கும் முன்

ஆஸ்திரேலியாவின் வடக்கு குயின்ஸ்லாந்தில் இருக்கும் கெய்ன்ஸில் குடியேறியதிலிருந்து எங்கள் வீட்டில் விருந்தாளி இல்லாத டிசம்பர் கிடையாது. சிட்னி, மெல்போர்ன் உறவுகளுக்குப் பள்ளி விடுமுறை. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அரையாண்டு லீவும் பொங்கல் லீவும். எல்லோருக்கும் ஆசை ஒன்றுதான்: பவளத்திட்டைப் பார்க்க வேண்டும், கடலில் இறங்க வேண்டும். இங்கே ஜெல்லி மீன்கள் அதிகம் வரும் காலமும் அதுதான்.

ஊரில் சொறி என்றும் இழுது என்றும் சொல்கிறோமே, அதே இனம்தான். ஆனால் ஊர்ச் சொறி பட்டு இரண்டு நாள் அரித்த அனுபவத்தை வைத்துக்கொண்டு இந்தக் கடலை எடை போடக் கூடாது. இங்கே இருக்கும் இரண்டு வகைகள் ஆளையே கொன்றிருக்கின்றன. கொட்டும் ஜெல்லியை இங்கே ஸ்டிங்கர் என்பார்கள். அதனால்தான் உடம்பு முழுக்க மூடும் ஸ்டிங்கர் சூட்.

பல பேருக்கு இந்த உடையை வாங்கிக் கொடுத்தும், மாட்டிவிட்டும், படகில் பக்கத்தில் உட்கார்ந்து ஜிப்பை மேலே இழுத்துவிட்டும் பார்த்துவிட்டேன். துணி மோசமாக அமைந்து கோட்டை விட்டவர் யாரும் இல்லை. கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் என்று எங்காவது இரண்டு விரல் அகலம் திறந்து விட்டுத்தான் கோட்டை விட்டார்கள். கீழே உள்ள வரிசையை அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

1. முதலில் மாதமும் இடமும்

உடை வாங்கும் முன், எந்த மாதம், எந்தக் கரை என்று முடிவு செய்யுங்கள். வடக்கு குயின்ஸ்லாந்தில் நவம்பர் முதல் மே வரை ஸ்டிங்கர் பருவம். மழையும் வெயிலும் சேர்ந்த அந்த மாதங்களில் சூட் இல்லாமல் இறங்கும் பேச்சே வேண்டாம். ஜூன் முதல் அக்டோபர் வரை ஆபத்து மிகவும் குறையும். இருகாண்ஜி என்ற குட்டி ஜெல்லி மட்டும் பருவம் தப்பியும் எப்போதாவது தலைகாட்டும். அந்த மாதங்களிலும் நான் சூட் போட்டுத்தான் இறங்குகிறேன். வெயிலுக்கும் அது நல்லது.

பிரிஸ்பேனுக்கும் கோல்ட் கோஸ்ட்டுக்கும் போகிறவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டியதில்லை. அங்கே கரையில் ஒதுங்குவது பெரும்பாலும் நீலக் குமிழி போன்ற புளூபாட்டில். வலிக்கும், தடிக்கும், அவ்வளவுதான். கிளாட்ஸ்டன் பக்கத்திலிருந்து வடக்கே போகப் போகத்தான் இந்தக் கதை தீவிரமாகும். டவுன்ஸ்வில், கெய்ன்ஸ், போர்ட் டக்ளஸ் எல்லாம் அதற்குள் வருகின்றன.

குழந்தைகள் தண்ணீரில் ஆட வேண்டும் என்பது மட்டும்தான் நோக்கமா? அப்படியானால் கெய்ன்ஸ் எஸ்பிளனேடில் இருக்கும் பெரிய உப்புநீர்க் குளமே போதும். கட்டணமும் இல்லை, ஜெல்லியும் இல்லை. சூட் செலவே மிச்சம்.

2. எதற்காக மூடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தெரிந்துகொண்டால் உடையின் எந்தப் பகுதி ஏன் முக்கியம் என்பது தானாகப் புரியும்.

முதலாவது பாக்ஸ் ஜெல்லி. உடல் பகுதியே 30 சென்டிமீட்டர் வரை வளரும். அதன் நான்கு மூலைகளிலிருந்தும் கொத்துக் கொத்தாக இழைகள் தொங்கும். மொத்தம் 60 வரை இருக்கும். நீட்டினால் ஒவ்வொன்றும் 3 மீட்டர் வரை போகும். கண்ணாடி போல இருப்பதால் கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. கரையோர ஆழமற்ற நீர், முகத்துவாரம், சதுப்புக்காட்டு ஓரம் ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். முழங்கால் அளவுத் தண்ணீரில் நடக்கிறவர்களின் காலில்தான் பெரும்பாலும் படுகிறது. நிறைய இழை சுற்றிவிட்டால் சில நிமிடங்களில் இதயமே நின்றுவிடலாம்.

இரண்டாவது இருகாண்ஜி. இதன் உடல் சுண்டுவிரல் நகம் அளவுதான். நான்கே இழைகள், ஆனால் ஒரு மீட்டர் வரை நீளும். இழையில் மட்டுமல்லாமல் உடலிலும் கொட்டும் செல்கள் உண்டு. இது பவளத்திட்டுப் பக்கமும் தீவுகளிலும் இருக்கும். சில நாட்கள் காற்றோடு கரைக்கும் வந்துவிடும். கடற்கரைகளில் கட்டியிருக்கும் ஸ்டிங்கர் வலை பாக்ஸ் ஜெல்லியைத் தடுக்கும். இருகாண்ஜி அந்த வலைக்கண் வழியே சாதாரணமாக உள்ளே வந்துவிடும். "வலைக்குள்ளேதானே குளிக்கிறோம், எதற்கு இந்த உடை?" என்று கேட்காத விருந்தாளியே இல்லை. பதில் இதுதான்.

இந்த இழைகளில் லட்சக்கணக்கான கொட்டும் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் சுருண்ட ஒரு நூல். தோல் உரசியதும், தோலின் வேதித் தடயம் பட்டதும் அது வெடித்து நூல் பாயும். நூல் மிகவும் குட்டையானது. ஆகவே இடையில் மெல்லிய துணி ஒன்று இருந்தாலே போதும். லைக்ரா என்ற இழுபடும் துணியில் செய்த உடை புழக்கத்துக்கு வருமுன் குயின்ஸ்லாந்து உயிர்காப்பு வீரர்கள் பெண்களின் நைலான் காலுறைகளைத்தான் மாட்டிக்கொண்டார்கள். ஒன்று காலுக்கு, இன்னொன்றின் நடுவில் ஓட்டை போட்டுத் தலை வழியே மாட்டி, அதன் கால்கள் இரண்டையும் கைகளுக்கு. பார்க்கச் சிரிப்பாக இருந்திருக்கும், ஆனால் வேலை செய்தது.

எனவே கனமான துணி தேடி அலைய வேண்டாம். இடைவெளி இல்லாத துணி தேடுங்கள்.

3. தண்ணீரில் என்ன செய்யப் போகிறீர்கள்?

படகில் போய் முகமூடி மாட்டி மிதந்து பார்க்கிறவருக்கு முதுகும் பின்னந்தலையும் மணிக்கணக்கில் வெயிலில் இருக்கும். அவருக்குத் தலையை மூடும் ஹூட் கட்டாயம். கரையில் நடக்கிறவருக்குக் காலை மூடுவதுதான் முதல் வேலை. கயாக் ஓட்டுகிறவர் கைப்பிடியைப் பற்றிப் பற்றி உள்ளங்கைத் துணியைத் தேய்த்துவிடுவார்; தனிக் கையுறை வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்கூபா டைவிங் செய்கிறவர்கள் ரப்பர் நுரையில் செய்த வெட்சூட் போடுவார்கள். அதுவும் ஜெல்லியைத் தடுக்கும். ஆனால் ஜனவரியில் கெய்ன்ஸ் கடல்நீர் 29 டிகிரியைத் தொடும். அந்த வெக்கையில் படகு மேல்தளத்தில் வெட்சூட்டோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் வெந்துவிடுவீர்கள். வெந்தால் என்ன செய்வீர்கள்? ஜிப்பை இடுப்பு வரை இறக்குவீர்கள். அப்புறம் மேலே ஏற்ற மறந்து குதிப்பீர்கள். கோடை மாதங்களுக்கு மெல்லிய லைக்ரா, ஜூலை ஆகஸ்ட் குளிருக்கு வெட்சூட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. துணியைச் சோதிப்பது

நைலானோடு ஸ்பான்டெக்ஸ் கலந்த துணிதான் நாம் லைக்ரா என்று சொல்வது. பாலியஸ்டர் கலப்பும் வருகிறது. அது குளோரினைக் கூடுதலாகத் தாங்கும். இரண்டில் எதுவானாலும் சரி.

கடையில் துணியை இரண்டு கைகளாலும் நன்றாக இழுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நெசவு சீராக விரிந்து, விட்டதும் பழையபடி சுருங்க வேண்டும். தொளதொளவென்று நின்றால் அதன் இழுவை போய்விட்டது. தையல் ஓரங்களையும் இழுத்துப் பாருங்கள். நூலுக்கு நடுவே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் வேண்டாம். தட்டையாகத் தைத்த தையல் உடம்பை அறுக்காது. உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் கழித்துத்தான் இதன் அருமை தெரியும்.

யுபிஎஃப் 50+ என்று சீட்டில் போட்டிருந்தால் நல்லது. ஆனால் அது வெயிலுக்கான எண். ஜெல்லிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அரைக்கை, அரைக்கால் உடையிலும் அதே 50+ இருக்கும். எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இரண்டு வகைத் துணிகளை ஒதுக்கிவிடுங்கள். ஒன்று, உடற்பயிற்சி லெக்கிங்ஸ். பலவற்றில் முழங்கால் பின்புறமும் அக்குளிலும் காற்றோட்டத்துக்காக வலைத்துணி வைத்திருப்பார்கள். இன்னொன்று, பருத்தி. முழுக்கைச் சட்டையும் ஜீன்ஸும் போட்டால் உடம்பு மூடத்தானே செய்கிறது என்று என் மாமா ஒருவர் வாதாடினார். நனைந்த பருத்தி கனத்துத் தொங்கும், கழுத்து அகலும், சட்டை நுனி மேலே மிதக்கும். உள்ளே நுழைந்த இழை வெளியே போக வழியில்லாமல் தோலுக்கும் துணிக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். அது சும்மா உரசிப் போவதைவிட மோசம். ஜீன்ஸோடு நீந்தவும் முடியாது. மாமா கடைசியில் படகில் கொடுத்த நீலச் சூட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு புகைப்படமும் எடுக்க விடாமல் இறங்கினார்.

5. ஒற்றை உடையா, இரண்டு துண்டா?

கழுத்து முதல் கணுக்கால் வரை ஒரே துண்டாக, முன்பக்கம் ஜிப் வைத்த உடையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். இடுப்பில் இடைவெளி விழ வழியே இல்லை. பின்பக்க ஜிப் இன்னொருவர் உதவியில்லாமல் முழுதாக ஏறாது. கடைசி ஒரு அங்குலம் அப்படியே நிற்கும்.

ஜிப்புக்குப் பின்னால் ஒரு துணிப் பட்டை உண்டா என்று பாருங்கள். அது தாடையை ஜிப் கடிக்காமல் காக்கும். ஜிப் பல்லுக்கு நடுவே தோல் தெரியாமலும் மறைக்கும். கழுத்துப்பட்டை நிமிர்ந்து நின்று கழுத்தை ஒட்ட வேண்டும். உட்கார்ந்து தலையைக் குனிந்தால் பின்னங்கழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஹூட் உள்ள உடைக்கு மாறுங்கள்.

இரண்டு துண்டு உடையின் வசதியை மறுக்க முடியாது. படகுக் கழிப்பறையில் ஈரமான ஒற்றை உடையைக் கழற்றி மாட்டுவது பெரிய பாடு. பெண்கள் பலர் இதற்காகவே இரண்டு துண்டு கேட்கிறார்கள். அப்படியானால் இடுப்புக்கு மேலே ஏறும் பேன்ட்டாகவும், தொடை வரை இறங்கும் மேல்சட்டையாகவும் எடுங்கள். இரண்டையும் இணைக்கக் கொக்கியோ நாடாவோ இருப்பது அவசியம். குதிக்கும்போது மேல்சட்டை நெஞ்சு வரை ஏறிவிடும் என்பதைக் கொக்கி இல்லாமல் குதித்த எவரும் சொல்வார்கள்.

முக்காடோடு உடல் மறைத்து நீந்த விரும்பும் பெண்கள் தளர்வான மேலங்கி வைத்த நீச்சலுடை வாங்குகிறார்கள். அதுவே போதும் என்று இருந்துவிடாதீர்கள். அடியில் உடம்போடு ஒட்டிய ஸ்டிங்கர் சூட், அதற்கு மேல் மெல்லிய நீச்சல் மேலங்கி என்று போட்டால் மறைப்பும் கிடைக்கும், காப்பும் கிடைக்கும். துப்பட்டா, சேலைத் தலைப்பு, தொங்கும் நாடா எதுவும் தண்ணீருக்குள் வேண்டாம். இழுவை ஆளை அமிழ்த்தும்.

6. தலை, கை, கால்

பலர் உடம்புக்கு நல்ல சூட் வாங்கிவிட்டு இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

ஹூட் முகத்தைச் சுற்றி வட்டமாக ஒட்ட வேண்டும். முகமூடியின் ரப்பர் விளிம்பு நேரடியாகத் தோலில் உட்கார வேண்டும். ஹூட் துணி அடியில் சிக்கினால் தண்ணீர் உள்ளே வரும். நீளமான தலைமுடி இருந்தால் பின்னலைத் தாழ்வாகப் போட்டு முதுகுப் பக்கம் உடைக்குள் விடுங்கள். உச்சிக்கொண்டை ஹூட்டைத் தூக்கிவிடும்.

கைக்கு மூன்று விதம் உண்டு. உடையின் கையோடு சேர்த்துத் தைத்த மடக்கு உறை முதல் விதம். வேண்டாதபோது மணிக்கட்டுக்கு மேல் மடித்து வைக்கலாம். எனக்குப் பிடித்தது இதுதான், தொலைக்க முடியாது. இரண்டாவது, கட்டைவிரல் வளையம். அது உடையின் கை மேலே ஏறாமல் பிடிக்கும், விரல்களை மூடாது. மூன்றாவது, தனிக் கையுறை. தனிக் கையுறை போட்டால் உடையின் கை நுனி மேலாகவும் கையுறை உள்ளாகவும் இருக்க வேண்டும். நீந்தும்போது தண்ணீர் விரலிலிருந்து தோளை நோக்கித் தள்ளும் என்று சிலர் கையுறையை மேலே இழுத்துவிடுகிறார்கள். இரண்டு விதமும் ஓடும். ஆனால் குறைந்தது நான்கு விரல் அகலம் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும்.

கடிகாரத்தை உடைக்கு மேல் கட்டுங்கள். ஸ்மார்ட் வாட்ச் பார்ப்பதற்காகக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டே நீந்திய ஒரு தம்பியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் எட்டுத் தடவை.

காலுக்கு, பாதத்தையும் மூடும் சூட் கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் லைக்ரா காலுறை, அதற்கு மேல் காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு. கரையில் நடப்பதற்குத் தடித்த அடி வைத்த ரீஃப் ஷூ வேண்டும். கல்மீன் முள்ளுக்கும் அது உதவும். காலுறை உடையின் கால் நுனிக்குள் போக வேண்டும்.

முகம் மூடாமல்தான் இருக்கும். முகமூடி கண்ணையும் மூக்கையும் மறைக்கும், உதட்டைச் சுற்றிய பகுதி திறந்தே இருக்கும். 2013-இல் கியூபாவிலிருந்து ஃபுளோரிடா வரை நீந்திய டயானா நயாட் இரவு வேளைகளில் பாக்ஸ் ஜெல்லிக்குப் பயந்து சிலிக்கான் முகக்கவசமே செய்து மாட்டிக்கொண்டார். நமக்கு அவ்வளவு தேவையில்லை. முகத்தால் நீரைத் துழாவாமல் மெதுவாக நீந்தினால் போதும். கொட்டாமல் காக்கும் என்று விற்கிற களிம்பு பூசினாலும் சூட்டைக் குறைக்காதீர்கள்.

7. அளவு எடுப்பது

இந்தியச் சட்டை அளவை வைத்து எல், எக்ஸ்எல் என்று ஆர்டர் போடுவதுதான் பெரிய தவறு. டேப் எடுத்து ஐந்து அளவு குறித்துக்கொள்ளுங்கள்: உயரம், மார்பு, இடுப்பு, பிருஷ்டச் சுற்று, ஐந்தாவதாக உடற்சுற்று.

உடற்சுற்று யாரும் எடுப்பதில்லை. ஒற்றை உடைக்கு அதுதான் உயிர். ஒரு தோளின் உச்சியில் டேப்பை வைத்து, முன்பக்கமாக இறக்கி, கால்களுக்கு நடுவே கொண்டுபோய், முதுகு வழியாக அதே தோளுக்கு ஏற்றுங்கள். இன்னொருவர் பிடித்தால்தான் சரியாக வரும். மார்பும் இடுப்பும் பொருந்தி, இந்த அளவு மட்டும் குறைந்தால், நிமிர்ந்து நிற்கும்போதே தோள் கீழே இழுக்கும். கழுத்து ஜிப் முழுதாக ஏறாது, கால் நுனி கணுக்காலுக்கு மேலே போய்விடும். இடைவெளிகளில் பாதி இந்த ஒரு அளவிலிருந்துதான் பிறக்கிறது.

நம் ஆட்களில் வயிறு முன்தள்ளியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இடுப்பு அளவுக்குப் பெரிய சைஸ் எடுத்தால் கையும் காலும் தொங்கும். உயரத்துக்கு எடுத்தால் வயிற்றில் ஜிப் பிதுங்கும். நடுவே மாட்டிக்கொண்டால் வயிற்றுக்குப் பொருந்துவதை எடுங்கள். நீளம் அதிகமான கை நுனியை வெட்டாதீர்கள். கட்டைவிரல் வளையத்தில் மாட்டினால் அது தானாக நிற்கும். கால் நுனியைக் காலுறைக்கு மேலே இறுக்கமாகச் சுருக்கிவிடலாம்.

உடை உடம்பை ஒட்ட வேண்டும், ஆழ்ந்து மூச்சிழுத்தால் நெஞ்சு தடையில்லாமல் விரிய வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் மாற்றுங்கள்.

8. போட்டுப் பார்ப்பது

கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்த்து எதுவும் தெரியாது. அடியில் போடப்போகும் நீச்சலுடையோடு மாட்டி இதைச் செய்யுங்கள்.

இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். மணிக்கட்டுத் தோல் தெரியக் கூடாது. அப்படியே முழுதாகக் குத்தவையுங்கள். கணுக்கால் தெரிகிறதா, பிருஷ்டத் தையல் விரிகிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தரையில் குப்புறப் படுத்துத் தலையை நிமிர்த்துங்கள். முகமூடியோடு மிதக்கும்போது உடம்பு அப்படித்தான் இருக்கும். பின்னங்கழுத்தில் ஹூட் மடிந்து இடைவெளி விட்டால் அந்த உடை உங்களுக்கு ஆகாது.

அப்புறம் வீட்டுக் குளியலறையில் முழுதாக நனைத்து மறுபடி ஒருமுறை. லைக்ரா நனைந்ததும் கொஞ்சம் தளரும். உலர்ந்தபோது கச்சிதமாக நின்ற கணுக்கால் நனைந்ததும் வழுக்குகிறதா என்பது இதில் தெரிந்துவிடும். ஆன்லைனில் வாங்கியவர்கள் நனைத்தால் திருப்பிக் கொடுக்க முடியாது என்று தயங்குவார்கள். அதனால் முதலில் உலர்ந்த சோதனை முழுவதையும் முடித்துவிட்டு, இதுதான் என்று உறுதியான பிறகு நனையுங்கள்.

நிறம் பளிச்சென்று இருக்கட்டும். ஆரஞ்சு, எலுமிச்சை மஞ்சள், ரோஜா. கருநீலச் சூட் முப்பது பேர் ஒரே இடத்தில் மிதந்தால் உங்கள் ஆள் யார் என்று படகிலிருந்து உங்களுக்கே தெரியாது.

9. வாடகையா, சொந்தமா?

ஒரே நாள் படகுப் பயணம் என்றால் வாங்க வேண்டாம். பவளத்திட்டுப் படகுகளில் சூட் கொடுப்பார்கள். சிலர் டிக்கெட்டோடு, சிலர் தனி வாடகைக்கு. முன்பதிவு செய்யும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: ஹூட்டும் கையுறையும் சேர்ந்ததா? மிகப் பெரிய, மிகச் சிறிய அளவுகள் உண்டா? குழந்தைகளுக்கு உண்டா?

படகில் சூட் விநியோகம் தொடங்கியதும் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். கடைசியில் மிச்சமிருப்பது முழங்கால் நைந்ததும் ஜிப் பல் போனதும்தான். வாங்கியதும் பிருஷ்டம், முழங்கால், கவட்டை மூன்று இடத்தையும் விரித்துப் பாருங்கள். ஓட்டை இருந்தால் வெட்கப்படாமல் மாற்றிக் கேளுங்கள்.

இரண்டு தடவைக்கு மேல் இறங்கப் போகிறீர்கள், அல்லது உங்கள் உடல்வாகு வழக்கமான அளவுக்குள் வராது என்றால் சொந்தமாக வாங்குவதே நிம்மதி.

10. குழந்தைகளுக்கு

"அடுத்த வருஷமும் ஆகும்" என்று ஒரு சைஸ் பெரிதாக எடுக்கும் நம் பழக்கம் பள்ளிச் சீருடைக்குச் சரி. இங்கே கூடாது. தொளதொளக்கும் சூட்டில் கழுத்தும் கணுக்காலும் திறந்தே கிடக்கும். குழந்தையின் உடம்பு சிறியது. அதே நீள இழை பட்டாலும் விஷத்தின் பங்கு அதிகம். அவர்கள் விளையாடுவதும் பாக்ஸ் ஜெல்லி உலவும் அதே முழங்கால் ஆழத்தில்தான்.

டயப்பர் போடும் குழந்தைக்குக் கால்களுக்கு நடுவே திறக்கும் ஜிப் வைத்த உடை வசதி. ஆனால் அந்த ஜிப் முழுதாக மூடியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

11. இறங்கும் நாளில் மாட்டும் வரிசை

முதலில் கழிப்பறை. சிரிக்காதீர்கள், இதை மறந்துதான் பாதிப் பேர் மாட்டிய சூட்டைக் கழற்றுகிறார்கள்.

பிறகு முகத்துக்கும் கழுத்துக்கும் சன்ஸ்கிரீன், கையைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க் கையோடு லைக்ராவை இழுத்தால் வழுக்கும், துணியும் சீக்கிரம் கெடும். உட்கார்ந்துகொண்டு கால்களை மாட்டுங்கள்; படகு ஆடும்போது ஒற்றைக் காலில் நிற்பது எலும்பு முறிவுக்கு வழி. நகத்தால் இழுக்காமல் விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக மேலேற்றி, கவட்டை சரியாகப் பொருந்திய பிறகு கைகள். அப்புறம் காலுறை, ஜிப், ஹூட், முகமூடி, கடைசியாகக் கையுறை. கையுறையை முதலில் போட்டால் ஜிப்பையும் முகமூடி வாரையும் பிடிக்க முடியாது. எரிச்சலில் அதைக் கழற்றி எறிந்துவிடுவீர்கள்.

இருவர் இருவராக நின்று ஒருவரை ஒருவர் சுற்றிப் பாருங்கள்: கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால். பத்து விநாடி வேலை. கரையில் என்றால் வினிகர் புட்டி எங்கே இருக்கிறது என்பதையும் இப்போதே பார்த்துவையுங்கள். ஸ்டிங்கர் வரும் கடற்கரைகளில் கம்பத்தில் மாட்டி வைத்திருப்பார்கள். தண்ணீருக்குள் மெதுவாக நடந்து இறங்குங்கள். ஓடிக் குதித்தால் ஜெல்லிக்கு விலக நேரமிருக்காது.

12. ஏறியதும் கழற்றும் வரிசை

இழை உடைக்கு வெளியே ஒட்டியிருந்தால் இன்னும் கொட்டும். அறுந்த துண்டும் கொட்டும். ஏறியதும் கையுறையைக் கழற்றி நெற்றியைத் துடைப்பது நம் இயல்பு, அதை அடக்குங்கள். முதலில் கூட வந்தவர் உடையின் மேல் ஒரு பார்வை பார்க்கட்டும். கண்ணாடி நூல் போல ஏதாவது தெரிந்தால் அதன் மேல் வினிகரைத் தாராளமாக ஊற்றிவிட்டு, பிறகு உடையை உள்புறம் வெளியே வரும்படி உருட்டிக் கழற்றுங்கள். கையுறை கடைசியில்.

சந்தேகமிருந்தால் படகின் நல்லதண்ணீர் ஷவருக்கு உடனே ஓடாதீர்கள். வெடிக்காமல் ஒட்டியிருக்கும் செல்களை நல்லதண்ணீர் வெடிக்க வைக்கும்.

13. அதையும் மீறிப் பட்டுவிட்டால்

ஆளைத் தண்ணீரிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். பட்ட இடத்தில் குறைந்தது 30 விநாடி வினிகர் ஊற்றுங்கள். தேய்க்க வேண்டாம், மணல் போட வேண்டாம், சிறுநீர் வைத்தியம் வேண்டவே வேண்டாம். வினிகர் வலியைக் குறைக்காது, ஏறிய விஷத்தையும் எடுக்காது; மிச்சமிருக்கும் செல்கள் வெடிக்காமல் நிறுத்தும், அவ்வளவே. ஒருவர் ஊற்றும்போதே இன்னொருவர் அவசர உதவி எண் 000-க்கு அழைக்க வேண்டும். மூச்சும் நாடியும் இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். உதவி வரும் வரை நிறுத்த வேண்டாம்.

இருகாண்ஜி ஏமாற்றும். முதலில் கொசு கடித்தது போலத்தான் இருக்கும். பெரும்பாலும் அரை மணி நேரம் போன பிறகு முதுகு வலி, வயிற்றுப் பிடிப்பு, வாந்தி, வியர்வை, நெஞ்சு படபடப்பு, சாகப்போகிறோம் என்ற கலக்கம் எல்லாம் சேர்ந்து வரும். ரத்த அழுத்தமும் எகிறும். அதனால் லேசான சுரீர் என்றாலும் ஏறிவிடுங்கள், படகுக்காரரிடம் சொல்லுங்கள், மறுபடி இறங்காதீர்கள், தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். இதய நோயோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் படகில் கொடுக்கும் உடல்நலப் படிவத்தில் அதை மறைக்காமல் எழுதுங்கள். "சொன்னால் இறங்க விடமாட்டார்கள்" என்று மறைத்த பெரியவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு.

14. அலசுவதும் ஒதுக்குவதும்

வீட்டுக்கு வந்ததும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு சூட்டை நல்லதண்ணீரில் பல முறை அலசுங்கள். பிறகு மென்மையான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மீண்டும் அலசுங்கள். காய்ந்த இழைத் துண்டு நனைந்ததும் திரும்பக் கொட்டக்கூடும். குழந்தையின் உடையோடு ஒரே வாளியில் போட வேண்டாம். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் காயப்போடுங்கள். வெயிலும் டிரையர் சூடும் ஸ்பான்டெக்ஸைக் கொன்றுவிடும். ஜிப்பையும் உப்புப் பிடிக்காமல் அலச வேண்டும்.

ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும் சூட்டை எடுத்து விரித்துப் பாருங்கள். பிருஷ்டம்தான் முதலில் நையும். படகுத் தளத்தில் உட்கார்ந்து தேய்ந்த தேய்வு. இழுத்துப் பிடித்தால் அங்கே தோல் தெரிகிறது என்றால் அதன் கடல் வாழ்க்கை முடிந்தது. சின்னக் கிழிசலைத் தைத்துவிடலாம், நைந்த இடத்தைத் தைக்க முடியாது. எஸ்பிளனேட் குளத்துக்கு ஆகும் என்று வைத்திருந்தால் அதன் மேல் பெரிதாக ஒரு குறி போட்டு வேறு பையில் வையுங்கள். கலந்து கிடந்தால், விடிகாலைப் படகைப் பிடிக்கும் அவசரத்தில் கையில் சிக்குவது அந்தப் பழையதாகத்தான் இருக்கும்.